மும்பை கரன்ட்டில் வெளிநாட்டுப் பணம்: கத்தாருக்கும் உங்க வீட்டு மீட்டருக்கும் என்ன சம்பந்தம்?

2020 அக்டோபர் 12, திங்கட்கிழமை. காலை 10 மணி தாண்டிய சில நிமிடங்களில் மும்பை, தானே, நவி மும்பை மூன்றிலும் ஒரே சமயத்தில் மின்சாரம் போனது. லோக்கல் ரயில்கள் நடுவழியில் நின்றன. கொரோனா வார்டுகள் ஜெனரேட்டரில் ஓடின. வீட்டிலிருந்து வேலை பார்த்த லட்சக்கணக்கானவர்களின் வைஃபை அணைந்தது. அத்தியாவசியச் சேவைகளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் மின்சாரம் திரும்பத் தொடங்கியது. நகரம் முழுக்கச் சீராக மாலைக்கும் மேல் ஆனது.

"மும்பையில கரன்ட் போகாது" என்பது இந்த ஊரின் பெருமைகளில் ஒன்று. அது ஒரே காலையில் உடைந்தது. அதற்குப் பிறகு நகரத்துக்குள் புதிய மின் வழித்தடங்களைக் கொண்டுவரும் வேலை வேகம் எடுத்தது. அந்த வேலைக்கான பணத்தில் கணிசமான பகுதி இந்தியாவுக்கு வெளியிலிருந்து வருகிறது: கத்தார் அரசின் முதலீட்டு நிதியம், டாலர் பத்திரம் வாங்கியவர்கள், பன்னாட்டு வங்கிகள்.

இது நல்லதா, ஆபத்தா? இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது. பணம் எந்த நாட்டுடையது என்பதைவிட, ஏதாவது தப்பாகப் போனால் நஷ்டம் யார் தலையில் விழும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதோ, அதுதான் முக்கியம். மும்பைக்கும் மகாராஷ்டிராவுக்கும் இதில் 70 வருட அனுபவம் இருக்கிறது.

சுருக்கமாக

- மும்பையின் உச்சபட்ச மின் தேவை 4,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நகரத்துக்கென்றே இருக்கும் மின் நிலையங்களின் மொத்தத் திறன் 1,877 மெகாவாட். மீதி வெளியிலிருந்து கம்பி வழியாக வரவேண்டும்.
- புறநகர்ப் பகுதிகளுக்கு மின்சாரம் வழங்கும் அதானி எலெக்ட்ரிசிட்டி மும்பை நிறுவனத்தில் 25.1 சதவீதப் பங்கு கத்தார் முதலீட்டு ஆணையத்திடம் இருக்கிறது.
- வெளிநாட்டு முதலீட்டில் நான்கு ரிஸ்க்குகள்: டாலர், எரிபொருள், உரிமை, தொழில்நுட்பம். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் சுமந்துதான் ஆகவேண்டும்.
- 1990-களின் தாபோல் திட்டத்தில் கிட்டத்தட்ட எல்லா ரிஸ்க்கையும் மகாராஷ்டிர மின் வாரியம் ஏற்றது. விளைவு தெரிந்ததே.

முதல்ல, மும்பைக்கு கரன்ட் யார் கொடுக்கிறாங்க?

மாட்டுங்காவிலோ தாராவியிலோ இருந்தால் உங்கள் பில் பெஸ்ட் நிறுவனத்திடமிருந்து வரும். 1905-இல் தனியார் நிறுவனமாகத் தொடங்கி, 1947-இல் மாநகராட்சி வசம் வந்தது பெஸ்ட். கொலாபாவில் தொடங்கி மாஹிம், சயான் வரையிலான பகுதி அதனுடையது. அதற்குச் சொந்த மின் நிலையம் கிடையாது. விற்கும் மின்சாரத்தின் பெரும்பகுதியை நீண்ட காலமாக டாடா பவரிடமிருந்து வாங்குகிறது.

செம்பூரில் நிலைமை வேறு. அங்கே அதானி எலெக்ட்ரிசிட்டி, டாடா பவர் இரண்டும் இருக்கின்றன. 2008-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, புறநகர் நுகர்வோர் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்ள வழி பிறந்தது. மொபைல் நம்பரை போர்ட் செய்வது மாதிரிதான். கம்பி ஒருவருடையதாக இருக்கும், கரன்ட் இன்னொருவருடையதாக இருக்கும்.

இனி உற்பத்திக் கணக்கு. மும்பைக்கென்றே இருக்கும் நிலையங்கள் இவை:

- டாடா பவரின் ட்ராம்பே அனல்மின் நிலையம் (செம்பூரை ஒட்டிய மாஹுல்): 930 மெகாவாட். இதில் 750 நிலக்கரி, 180 எரிவாயு.
- டாடா பவரின் நீர்மின் நிலையங்கள்: கோபோலி 72, பிவ்புரி 75, பிரா 300. மொத்தம் 447 மெகாவாட்.
- அதானியின் தஹாணு அனல்மின் நிலையம்: 500 மெகாவாட்.

கூட்டினால் 1,877 மெகாவாட். எல்லா நிலையமும் முழு வீச்சில் ஓடினாலும், 4,000 மெகாவாட் தேவைப்படும் ஒரு மே மாத மதியத்தில் பாதிக்கும் குறைவுதான் கிடைக்கும். இன்னொரு விஷயம்: இந்தப் பட்டியலில் ட்ராம்பே மட்டும்தான் நகர எல்லைக்குள் இருக்கிறது. தஹாணு வடக்கே 100 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. நீர்மின் நிலையங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கின்றன.

மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் மட்டும் நிலம். இருக்கிற நிலத்திலும் கட்டடம், ரயில் பாதை, சதுப்புநிலக் காடு. கரன்ட் நுழைவதற்கு வாசல்கள் குறைவு. ஒரு வாசலில் கோளாறு என்றால் மற்ற வாசல்களில் நெரிசல். 2020-இல் நடந்தது இதுதான்.

அக்டோபர் 12 அன்று என்ன ஆச்சு?

கல்வா – படகா இடையிலான 400 கிலோவோல்ட் பாதையில் ஒரு சர்க்யூட் பராமரிப்பில் இருந்தது. அதன் சுமை இரண்டாவது சர்க்யூட்டுக்கு மாறியது. அதிலும் கோளாறு வந்தது. சுமை அடுத்தடுத்த பாதைகளுக்குத் தாவ, கல்வா, கார்கர் சப்ஸ்டேஷன்களில் டிரிப் ஆனது.

இப்படி ஒரு நாள் வரும் என்று எதிர்பார்த்து, 1981-இலேயே மும்பைக்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். பெயர் ஐலேண்டிங். வெளி கிரிட் ஆட்டம் கண்டால், மும்பை தன்னைத் தனியாகத் துண்டித்துக்கொண்டு உள்ளூர் நிலையங்களை வைத்து ஒரு தீவு போல ஓட வேண்டும். அன்று அந்த ஏற்பாடு முழுமையாக நிற்கவில்லை. தஹாணு நிலையம் தாக்குப்பிடித்து, சுமார் 385 மெகாவாட்டை அத்தியாவசியச் சேவைகளுக்குக் கொடுத்ததாக அதானி எலெக்ட்ரிசிட்டி சொன்னது. ட்ராம்பே நின்றுபோனது.

காரணம் எளிமையான கணக்கு. வெளியிலிருந்து வரும் மின்சாரம் திடீரென்று நின்றால், உள்ளே அந்த நேரத்தில் எவ்வளவு உற்பத்தி ஓடிக்கொண்டிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் சுமையைத் தாங்க முடியும். இடைவெளி பெரிதாக இருந்தால் ஃப்ரீக்வென்சி சரிந்து உள்ளூர் இயந்திரங்களும் நின்றுவிடும். 1981-இன் மும்பைக்கு இடைவெளி சின்னது. 2020-இன் மும்பைக்கு அப்படி இல்லை.

தீர்வு இரண்டு. உள்ளூரில் அதிகம் உற்பத்தி செய்யணும், அல்லது வெளியிலிருந்து வரும் வாசல்களை அதிகரிக்கணும். நகரத்துக்குள் இன்னொரு புகைபோக்கி வைக்க இடமும் இல்லை, மக்கள் சம்மதமும் கிடைக்காது. எனவே வாசல்கள்தான். அதற்கு ஆயிரக்கணக்கான கோடி வேண்டும்.

வெளிநாட்டுப் பணம் எந்த வழியில வந்தது?

மூன்று வழிகள். மூன்றுக்கும் விளைவு வேறு வேறு.

1. பங்கு முதலீடு. 2018 ஆகஸ்டில் ரிலையன்ஸ் இன்ஃப்ராவின் மும்பை மின் தொழிலை அதானி குழுமம் வாங்கியது. மதிப்பு ரூ.18,800 கோடி. 2020 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தின் 25.1 சதவீதத்தை கத்தார் முதலீட்டு ஆணையம் சுமார் ரூ.3,200 கோடிக்கு வாங்கி முடித்தது.

ஏன் 25 இல்லாமல் 25.1? இந்தியக் கம்பெனிச் சட்டப்படி, முக்கியமான சில முடிவுகளுக்குச் சிறப்புத் தீர்மானம் தேவை. அதற்கு 75 சதவீத ஆதரவு வேண்டும். 25-க்கு மேல் ஒரு துளி வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டால் அந்தத் தீர்மானம் நிறைவேறாது. நிறுவனத்தை நடத்தும் அதிகாரம் கத்தாரிடம் இல்லை. முக்கியமான இடங்களில் 'வேண்டாம்' சொல்லும் அதிகாரம் இருக்கிறது.

2. டாலர் பத்திரம். அதே 2020 பிப்ரவரியில் அதானி எலெக்ட்ரிசிட்டி 100 கோடி டாலருக்குப் பத்து வருடப் பத்திரம் வெளியிட்டது. வட்டி 3.949 சதவீதம். 2021 ஜூலையில் இன்னொரு 30 கோடி டாலர். இந்த இரண்டாவதில் ஒரு நிபந்தனை சேர்ந்தது: 2027 நிதியாண்டு முடிவுக்குள் நிறுவனம் வாங்கும் மின்சாரத்தில் 60 சதவீதம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக இருக்க வேண்டும். 2019 நிதியாண்டில் இது 3 சதவீதம்தான்.

3. திட்டக் கடனும் தொழில்நுட்பமும். 2021-இல் அதானி டிரான்ஸ்மிஷன் பன்னாட்டு வங்கிகளிடம் 70 கோடி டாலர் கடன் வசதிக்கு ஒப்பந்தம் போட்டது. அது பயன்படும் திட்டங்களில் ஒன்று குடுஸ் – ஆரே எச்.வி.டி.சி. பாதை. மொத்தம் 80 கிலோமீட்டர், 1,000 மெகாவாட். அதில் சுமார் 50 கிலோமீட்டர் பூமிக்கடியில் போகும். கன்வெர்ட்டர் தொழில்நுட்பம் இன்று ஹிட்டாச்சி எனர்ஜி என்ற பெயரில் இயங்கும் நிறுவனத்துடையது.

எச்.வி.டி.சி. என்றால்? வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம், ஏ.சி. அதை ஒரு முனையில் டி.சி.யாக மாற்றி, கேபிளில் அனுப்பி, மறுமுனையில் திரும்ப ஏ.சி.யாக மாற்றுவதுதான் இது. நீண்ட தூரம் நிலத்தடியில் ஏ.சி. அனுப்பினால் கேபிளே திறனைத் தின்றுவிடும். டி.சி.யில் அந்தத் தொல்லை இல்லை. உயர்கோபுரம் வைக்க இடமில்லாத மும்பைக்கு இது பொருத்தம். எவ்வளவு மின்சாரம் எந்தத் திசையில் போகணும் என்பதையும் கட்டுப்படுத்தலாம் என்பதால், கிரிட் கோளாறிலிருந்து மீளவும் உதவும்.

இந்த முதலீடெல்லாம் ஏலத்துலதான் போச்சா?

ஒன்று ஆம், ஒன்று இல்லை. இது கவனிக்க வேண்டிய இடம்.

கார்கர் – விக்ரோலி 400 கிலோவோல்ட் பாதை ஏல முறையில் கொடுக்கப்பட்டது. குறைந்த கட்டணம் கேட்டவருக்கு வேலை. அதானி நிறுவனம் வென்றது. 2023 அக்டோபரில் பாதை செயல்பாட்டுக்கு வந்தது. மும்பைக்குள் கூடுதலாக 1,000 மெகாவாட் கொண்டுவர இது வழி செய்தது.

சுமார் ரூ.7,000 கோடி மதிப்புள்ள எச்.வி.டி.சி. பாதை ஏலம் இல்லாமல் போனது. மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021-இல் அதானி துணை நிறுவனத்துக்கு நேரடியாக உரிமம் கொடுத்தது. ஏலம் விட்டிருக்க வேண்டும் என்று டாடா பவர் வழக்குப் போட்டது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. ஏலம் மட்டுமே ஒரே வழி என்று மின்சாரச் சட்டம் சொல்லவில்லை என்றது. கூடவே, கட்டண நிர்ணய விதிகளை மூன்று மாதத்துக்குள் உருவாக்குங்கள் என்று எல்லா மாநில ஆணையங்களுக்கும் உத்தரவிட்டது.

வித்தியாசம் என்ன? ஏலத்தில் செலவு கூடினால் அது பெரும்பாலும் நிறுவனத்தின் பாடு. ஏலமில்லாத முறையில், ஆணையம் ஏற்றுக்கொள்ளும் செலவு, கடன் வட்டி, பங்கு மூலதனத்துக்கான நிர்ணயிக்கப்பட்ட லாபம் எல்லாம் கட்டணத்தில் சேரும். முதலீட்டாளருக்கு வருமானம் நிச்சயம். அதனால்தான் ஓய்வூதிய நிதியங்களும் அரசு நிதியங்களும் இதை விரும்புகின்றன. நமக்கு நிச்சயம் என்ன? ஆணையம் செலவுக் கணக்கை எவ்வளவு கறாராகப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது.

வெளிநாட்டுப் பணம் மும்பைக்குப் புதுசா?

இல்லை. மும்பையின் மின்சார வரலாறே இந்த இழுபறிதான். 1910-இல் டாடா நீர்மின் நிறுவனம் தொடங்கியபோது, லண்டனில் முதலீடு திரட்டும் முயற்சி கைகூடவில்லை. கடைசியில் இந்தியாவுக்குள்ளேயே திரட்டினார்கள். 1915-இல் கோபோலி ஓடத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு ட்ராம்பே அனல்மின் நிலையத்துக்கு 1954-இல் உலக வங்கி கடன் கொடுத்தது. 1956-இல் உற்பத்தி தொடங்கியது.

அதே காலத்தில் அதே ட்ராம்பேவில் இன்னொரு வகை முதலீடும் வந்தது. 1954-இல் அமெரிக்காவின் ஸ்டான்வாக் நிறுவனமும், 1955-இல் பர்மா ஷெல்லும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைத் திறந்தன. அந்நியச் செலாவணி இல்லாத புது நாட்டுக்கு இது பெரிய வரவு. பதிலுக்கு இந்தியா சில உறுதிமொழிகள் கொடுத்தது. 25 வருடங்களுக்குத் தேசியமயம் கிடையாது. கச்சா எண்ணெயை எங்கிருந்து வாங்குவது என்பதை நிறுவனங்களே முடிவு செய்யும்.

இரண்டாவது வாக்கியம் 1960-இல் கடித்தது. சோவியத் யூனியன் மலிவு விலையில் கச்சா எண்ணெய் தரத் தயாராக இருந்தது. இந்தியா கேட்டும், அந்த எண்ணெயைச் சுத்திகரிக்க வெளிநாட்டு நிறுவனங்கள் மறுத்தன. ஆலை செம்பூர் பக்கத்தில் இருந்தது, ஆனால் அதில் எந்த எண்ணெய் ஓட வேண்டும் என்ற முடிவு லண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1974-இல் எஸ்ஸோவின் தொழிலும் 1976-இல் பர்மா ஷெல்லும் அரசு வசம் வந்தன. இன்றைய எச்.பி.சி.எல்., பி.பி.சி.எல். மும்பை ஆலைகள் அவைதான்.

தாபோல்ல என்ன தப்பு நடந்தது?

இந்தியாவில் வெளிநாட்டு மின் முதலீடு பற்றிப் பேசும்போது தாபோலைத் தவிர்க்க முடியாது. ரத்னகிரி மாவட்டத்தில் அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் முன்னின்று கட்டிய மின் நிலையம் அது. ஜெனரல் எலெக்ட்ரிக், பெக்டெல் இரண்டும் கூட்டாளிகள்.

1993 டிசம்பரில் மகாராஷ்டிர மின் வாரியம் 20 வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதே வருடம் உலக வங்கி இந்தத் திட்டத்தை ஆய்வு செய்து, பொருளாதார ரீதியில் சரிவராது என்று நிதி தர மறுத்திருந்தது. ஒப்பந்தத்தின் சாரம் இப்படி:

- மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலையத்தின் திறனுக்கு நிலைக்கட்டணம் கட்டணும்.
- கட்டணத்தின் பெரும்பகுதி டாலரோடு பிணைந்தது. 1993-இல் ஒரு டாலர் சுமார் ரூ.31. 2001-இல் சுமார் ரூ.47.
- எரிபொருள் விலை ஏறினால் அந்த ஏற்றம் வாங்குபவருக்கு. முதல் கட்டம் நாஃப்தாவில் ஓடியது, அது சர்வதேச எண்ணெய் விலையோடு சேர்ந்து ஏறியது.

தேவை குறைந்தால் நஷ்டம் வாரியத்துக்கு. ரூபாய் விழுந்தால் வாரியத்துக்கு. எண்ணெய் ஏறினால் வாரியத்துக்கு. 1995-இல் ரத்து, 1996-இல் மறுபேச்சு என்று இழுத்து, 1999 மே மாதம் 740 மெகாவாட் முதல் கட்டம் ஓடத் தொடங்கியது. இரண்டே வருடத்தில் வாரியத்தால் பணம் கட்ட முடியவில்லை. 2001-இல் நிலையம் மூடப்பட்டது. அந்த வருட டிசம்பரில் என்ரானே திவாலானது. பிறகு அரசு நிறுவனங்களும் இந்திய நிதி நிறுவனங்களும் சேர்ந்து 2005-இல் புது கம்பெனி உருவாக்கி அதை எடுக்க வேண்டியிருந்தது.

தாபோலில் பணம் வந்தது, நிலையமும் கட்டப்பட்டது. ஆனால் மாநிலத்துக்கு நம்பகமான மின்சாரம் கிடைக்கவில்லை.

சரி, இன்றைய மும்பையில ரிஸ்க் எங்கெங்க இருக்கு?

டாலர் ரிஸ்க். 2020 பிப்ரவரியில் ஒரு டாலர் சுமார் ரூ.71. 100 கோடி டாலர் என்றால் ரூ.7,100 கோடி. 2024 இறுதியில் டாலர் ரூ.84-ஐத் தாண்டியது. அதே கடன் ரூ.8,400 கோடி. அசலில் மட்டும் ரூ.1,300 கோடி வித்தியாசம். இதைத் தவிர்க்க நிறுவனங்கள் ஹெட்ஜிங் செய்கின்றன. அதாவது, ஒரு கட்டணம் கட்டி மாற்று விகிதத்தை முன்கூட்டியே பூட்டிவைக்கின்றன. அந்தக் கட்டணத்தையும் சேர்த்தால் '3.949 சதவீத வட்டி' ரூபாயில் அவ்வளவு மலிவாக இருக்காது. தாபோலோடு ஒப்பிட்டால் முக்கிய வித்தியாசம்: நீங்கள் கட்டும் கட்டணம் ரூபாயில், ஆணையம் நிர்ணயிப்பது. டாலருக்கு நேரடியாகப் பிணைந்தது அல்ல.

எரிபொருள் ரிஸ்க். ட்ராம்பே நிலக்கரி இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வருகிறது. நகரத்துக்குள் இருப்பதால் சாம்பலும் கந்தகமும் குறைந்த கரி தேவை. இந்தப் பாதுகாப்புக்காகவே டாடா பவர் 2007-இல் இந்தோனேசியச் சுரங்க நிறுவனங்களில் 30 சதவீதப் பங்கு வாங்கியது. அதாவது, நம்ம பணம் வெளிநாட்டுக்குப் போனது. ஆனால் 2022 ஜனவரியில் தன் நாட்டு மின் நிலையங்களுக்குக் கரி போதவில்லை என்று இந்தோனேசியா ஏற்றுமதியையே தற்காலிகமாக நிறுத்தியது. சுரங்கத்தில் பங்கு இருந்தாலும் துறைமுகத்தின் சாவி அந்த நாட்டு அரசிடம்தான்.

உரிமை ரிஸ்க். நம் மின் நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கும் கத்தார், இந்தியாவுக்கு அதிக எல்.என்.ஜி. தரும் நாடும்கூட. வருடத்துக்கு 75 லட்சம் டன் வாங்கும் ஒப்பந்தத்தை பெட்ரோநெட் 2024 பிப்ரவரியில் 2048 வரை நீட்டித்தது. நெருக்கம் நல்லதுதான். ஒரே நாட்டை இரண்டு பக்கமும் சார்ந்திருக்கிறோம் என்பதும் உண்மை. எல்லை பகிரும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு 2020 ஏப்ரலிலிருந்து மத்திய அரசின் முன் அனுமதி கட்டாயம். மற்றவர்கள் மின் கடத்தல், விநியோகத் துறைகளில் 100 சதவீதம் வரை நேரடியாக முதலீடு செய்யலாம்.

உள்ளூர் உரிமையாளர் பக்கமும் ரிஸ்க் உண்டு. 2024 நவம்பரில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள், ஒரு சூரிய மின்சார ஒப்பந்த விவகாரத்தில் கௌதம் அதானி உள்ளிட்டோர் மீது குற்றச்சாட்டு பதிவு செய்தனர். குழுமம் அதை மறுத்தது. அந்த வாரமே குழும நிறுவனங்களின் டாலர் பத்திரங்கள் விலை சரிந்தன. குழுமத்தின் வேறொரு நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கு, மும்பையின் மின்கம்பிக்குக் கிடைக்கும் அடுத்த கடனின் வட்டியைப் பாதிக்கலாம் என்பதை அது காட்டியது.

தொழில்நுட்ப ரிஸ்க். கன்வெர்ட்டர் நிலையத்தின் மென்பொருளும் உதிரிபாகமும் ஓரிரு உலக நிறுவனங்களிடமே கிடைக்கும். 2020 இருட்டடிப்புக்குப் பின்னால் சைபர் தாக்குதல் இருக்கலாம் என்று 2021 மார்ச்சில் மகாராஷ்டிர அரசு சொன்னது. மனிதத் தவறுதான் காரணம் என்று மத்திய மின்துறை அமைச்சர் சொன்னார். எது சரியானாலும், இறக்குமதியாகும் மின் சாதனங்களைச் சோதிக்க வேண்டும் என்ற உத்தரவு 2020 ஜூலையிலேயே வந்துவிட்டது.

பச்சை நிபந்தனை நமக்கு லாபமா?

கத்தார் முதலீட்டோடும் 2021 பத்திரத்தோடும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் இலக்குகள் வந்தன. ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் உள்ள 700 மெகாவாட் காற்றாலை – சூரிய மின் திட்டத்திலிருந்து அதானி எலெக்ட்ரிசிட்டி மின்சாரம் வாங்கத் தொடங்கியது. காற்றுக்கும் வெயிலுக்கும் எரிபொருள் செலவு இல்லை. இந்தோனேசியா கதவை மூடினாலும் கவலை இல்லை.

ஆனால் ஜெய்சல்மேர் மின்சாரம் மும்பைக்கு வர நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கம்பி வேண்டும். அதாவது, எரிபொருள் ரிஸ்க் குறைந்து, கம்பி ரிஸ்க் கூடுகிறது. ஐலேண்டிங் நேரத்தில் கைகொடுக்க, நகரத்துக்குப் பக்கத்தில் உடனே ஓடக்கூடிய ஏதாவது ஒன்று தேவை. நீர்மின் நிலையங்களோ, பேட்டரியோ, ட்ராம்பேவோ.

இங்கேதான் செம்பூர் வருகிறது. ட்ராம்பே நிலையமும் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயனக் கிடங்குகளும் சூழ்ந்த மாஹுலில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. வேறு இடங்களில் வீடு இடிக்கப்பட்டவர்களை அங்கே குடியமர்த்தியது அரசு. 2019-இல் மும்பை உயர் நீதிமன்றம், அங்கே போக மறுத்த குடும்பங்களுக்கு மாதம் ரூ.15,000 வாடகை கொடுக்கச் சொன்னது. 2020 ஆகஸ்டில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், மாஹுல் காற்று மாசுக்காக இரண்டு சுத்திகரிப்பு நிறுவனங்களுக்கும் இரண்டு கிடங்கு நிறுவனங்களுக்கும் சேர்த்து ரூ.286 கோடி இழப்பீடு விதித்தது. அந்த உத்தரவு மின் நிலையம் பற்றியது அல்ல. ஆனால் மும்பையின் எரிபொருள் பாதுகாப்புக்கு யார் மூச்சால் விலை கொடுக்கிறார்கள் என்பதை அது பதிவு செய்தது.

புதிய பாதைகள் நிலையாக ஓடினால் ட்ராம்பே நிலக்கரியைக் குறைக்க இடம் கிடைக்கும். பாதைகள் தாமதமானால் மாஹுல் இன்னும் சில வருடம் சுமக்கும். வங்கி அறிக்கைகளில் வராத கணக்கு இது.

தாராவிக்கும் இதில் பங்கு உண்டு. தோல் பட்டறை, பிளாஸ்டிக் மறுசுழற்சி, இட்லி தயாரிப்பு என்று அங்கே ஓடும் சிறுதொழில்களுக்கு மின்சாரம்தான் முதல் மூலதனம். அதானி குழுமமும் மாநில அரசும் சேர்ந்து செய்யும் மறுசீரமைப்புத் திட்டம் நிறைவேறினால் அந்தப் பகுதியின் மின் தேவை பல மடங்கு ஏறும். அதற்கான கம்பியும் சப்ஸ்டேஷனும் யார் செலவில் என்பது அடுத்த சில வருடங்களில் கட்டண விசாரணைகளில் வரப்போகும் கேள்வி.

உங்க பில்லில் இது எங்கே இருக்கு?

- வீலிங் கட்டணம்: உங்கள் பகுதி விநியோகக் கம்பிக்கான செலவு. விநியோக நிறுவனத்தின் முதலீடும் கடன் வட்டியும் பெரும்பாலும் இங்கே.
- எனர்ஜி கட்டணம்: மின்சாரம் வாங்கும் செலவு. மாநில மின் கடத்தல் செலவும் இதற்குள்ளேயே வரும். மகாராஷ்டிராவில் கடத்தல் பாதைகளின் செலவு ஒரே தொகுப்பாகச் சேர்க்கப்பட்டு, எல்லா விநியோக நிறுவனங்களுக்கும் பிரிக்கப்படுகிறது. மும்பைக்கு வரும் பாதைக்கு விதர்பா நுகர்வோரும் ஒரு பங்கு கட்டுகிறார். மற்ற மாவட்டப் பாதைகளுக்கு நீங்களும் கட்டுகிறீர்கள்.
- எரிபொருள் சரிக்கட்டல் கட்டணம்: நிலக்கரி, எரிவாயு, வெளிச்சந்தை மின்சார விலை ஏறினால் இங்கே தெரியும். இந்தோனேசியாவில் நடப்பது உங்கள் பில்லில் முதலில் தென்படும் வரி இதுதான்.

அடுத்த முறை 'வெளிநாட்டு முதலீடு' செய்தி வந்தால் என்ன பார்க்கணும்?

எத்தனை கோடி டாலர் என்பது தலைப்பில் இருக்கும். தலைப்புக்குக் கீழே நான்கு விஷயங்களைத் தேடுங்க. கட்டணம் ரூபாயிலா, டாலரோடு பிணைந்ததா? பயன்படுத்தாவிட்டாலும் பணம் கட்டணுமா? ஏலமா, நேரடி உரிமமா? எரிபொருளோ உதிரிபாகமோ ஒரே இடத்திலிருந்து மட்டும் வருகிறதா?

இந்தக் கேள்விகளை நீங்களும் கேட்கலாம். மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டண மனுக்களைப் பொதுவில் வைத்து, நுகர்வோரின் எழுத்துமூலக் கருத்துகளை வாங்குகிறது, விசாரணையும் நடத்துகிறது. மனுவில் முதலீட்டுச் செலவுக்கும் கடன் வட்டிக்கும் தனித்தனி அட்டவணை இருக்கும். முதலில் அந்த இரண்டு அட்டவணைகளைப் பாருங்க. 1993-இல் தாபோல் ஒப்பந்தத்தைப் பொதுமக்கள் அப்படிப் படித்துப் பார்க்க வழி இருக்கவில்லை.